சித்திரை வெயிலில் டயாலிசிஸ் நோயாளிகள்: பார்த்ததும் செய்வதும்

டயாலிசிஸ் டெக்னீசியன், திருமங்கலம்:

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடித்துப் போனவர் திங்கள் காலைதான் திரும்பி வருவார். சிறுநீரகம் வெளியேற்றாத பொட்டாசியமும் தண்ணீரும் அதுவரை உடம்பிலேயே சேரும், அதனால் சித்திரைத் திருவிழா சமயத்தில் அந்த இடைவெளி ரொம்ப ஆபத்தானது. "வெயில்ல அசதியா இருக்கு, கால் துவளுது" என்று சொல்லிக்கொண்டே வந்தால் வெயில்தான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். காலையில் இளநீர், மத்தியானம் பந்தலில் பானகம் என்று கேட்டால்தான் வெளியே வரும். 300 மில்லி இளநீரிலேயே ஏறக்குறைய 600 மில்லிகிராம் பொட்டாசியம் சேர்ந்துவிடும். பலருக்கும் ஒரு நாளைக்கே 2000 மில்லிகிராமை ஒட்டித்தான் அளவு. கால் துவண்டு, நாடியும் மெதுவாக இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கலாம்; முதலில் ஈசிஜி, பிறகுதான் மற்றதெல்லாம்.

அடுத்து எடை. டிரை வெயிட் (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை) 60 கிலோ என்றால், மணிக்குக் கிலோவுக்கு 13 மில்லியைத் தாண்டாமல் 4 மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர் நீர்தான் எடுக்கலாம். நாலரை கிலோ ஏறி வந்தவரிடம் மொத்தத்தையும் ஒரே செஷனில் இழுத்தால் பிரஷர் விழும், கெண்டைக்கால் சுளுக்கிப் பிடிக்கும். டாக்டரிடம் சொல்லி நேரத்தை நீட்டுங்கள், இல்லையென்றால் மறுநாள் இன்னொரு செஷன் போடுங்கள்.

டியூட்டி டாக்டர், மேலூர்:

திருமங்கலம் அண்ணன் சொன்ன ஈசிஜியில், பொட்டாசியம் ஏறியிருந்தால் டி அலை (துடிப்பின் கடைசியில் வரும் மேடு) கூர்ந்து உயர்ந்திருக்கலாம். பி அலை (தொடக்கத்தில் வரும் சிறு மேடு) மறைந்து கியூஆர்எஸ் (நடுவில் வரும் கூர்முனை) அகன்றுவிட்டால் லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது. 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி ரத்தநாளம் வழியாக, மானிட்டரைப் பார்த்தபடி 3 முதல் 5 நிமிடத்தில் மெதுவாக. ஈசிஜி மாறவில்லை என்றால் 5 நிமிடம் கழித்து மறுபடியும். சோடா பைகார்பை (சோடியம் பைகார்பனேட்) அதே லைனில் விட்டால் திரிந்து அடைத்துக்கொள்ளும்.

கால்சியம் இதயத்தைக் காக்குமே தவிர பொட்டாசியத்தைக் குறைக்காது. அதன் பலனும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான். அதற்குள் ரெகுலர் இன்சுலின் 10 யூனிட், கூடவே 50 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) 50 மில்லி. கோட்டை விடுவது பெரும்பாலும் இதற்கு அப்புறம்தான். சிறுநீரகம் வேலை செய்யாதவர் உடம்பில் இன்சுலின் நெடுநேரம் தங்கும், டெக்ஸ்ட்ரோஸ் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். 6 மணி நேரம் வரை மணிக்கொரு முறை சுகர் பாருங்கள். மதுரைக்கு அனுப்பினால் ஆம்புலன்சிலும் குளுக்கோமீட்டர் போகட்டும். இன்சுலின் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். வெளியேற்ற டயாலிசிஸ் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: டூர்னிகேயை (ரத்தம் எடுக்கக் கையில் கட்டும் பட்டை) இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி எடுத்த ரத்தத்தில் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். சந்தேகமென்றால் மறு சாம்பிள் எடுங்கள். அதற்காக ஈசிஜி நன்றாக இருக்கிறதே என்று மட்டும் நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

டயட்டீசியன், மதுரை:

"ஜிகர்தண்டா குளிர்ச்சிதானே?" என்று கேட்காத குடும்பமே இல்லை. பாலில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் உண்டு. பாதாம் பிசின் உப்புவதே தண்ணீரைக் குடித்துத்தான், அதையும் தண்ணீர்க் கணக்கில் சேர்க்க வேண்டும். முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மில்லி, அன்றைக்கு அவ்வளவுதான். காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டால் வீட்டாருக்கும் தெளிவு.

காய்களைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, பத்து மடங்கு வெதுவெதுப்பான நீரில் 2 மணி நேரம் ஊற வையுங்கள். வடித்து, புதுத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட வேண்டும். "சத்தெல்லாம் போயிருமே" என்று அந்த நீரை ரசத்தில் ஊற்றிவிடுகிறார்கள். நாம் வெளியேற்றப் பார்ப்பதே அந்தப் பொட்டாசியத்தைத்தான்.

தாகத்துக்கு மூலகாரணம் உப்பு. ஊறுகாய், வடகம், கருவாடு மூன்றையும் நிறுத்தினாலே தண்ணீர் கேட்பது குறையும். கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும், அது வேண்டவே வேண்டாம். இந்துப்பும் சோடியம்தான்.

மலச்சிக்கலையும் கேளுங்கள். இவர்களுக்குக் குடல் வழியாகவும் கணிசமான பொட்டாசியம் வெளியேறுகிறது, அது அடைபட்டால் ரத்தத்தில் ஏறும். மலமிளக்கும் நாரான இசப்கோலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டியிருப்பதால் டாக்டரிடம் கேட்டு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி மருந்தைக் கொடுப்பது நல்லது.