சப்ஸ்டேஷன் (மின் உபநிலையம்) நெட்வேர்க் சுவிட்சில் கண்டவரும் லேப்டாப் குத்துகினம், என்ன செய்யிறது?

வெள்ளவத்தைப் பொடியன்:
கொழும்பில ஒரு ஒப்பந்தக் கம்பனியில வேலை. சப்ஸ்டேஷனில ரிலே (பழுது வந்தால் கரண்டை வெட்ட வைக்கிற கருவி), மீட்டர் பார்க்க வாற எல்லாரும் ஒரே சுவிட்சிலதான் லேப்டாப்பைக் குத்துகினம். பாஸ்வேர்ட் கபினட் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிக் கிடக்கு. எங்க தொடங்கிறது அண்ணை?

கொட்டாஞ்சேனை அண்ணை:
முதல்ல அந்தக் கடதாசியைக் கிழியும். பாவிக்காத போர்ட் எல்லாத்தையும் சுவிட்சிலேயே மூடும். மிச்சத்துக்கு 802.1எக்ஸ், அதாவது குத்துறது ஆரெண்டு சரிபார்த்த பிறகுதான் போர்ட்டைத் திறக்கிற முறை. டிஜிட்டல் சான்றிதழ் இல்லாத லேப்டாப்புக்கு லைட் எரிஞ்சாலும் உள்ள போகேலாது. பழைய ஆர்டியுவுகளுக்கு (சப்ஸ்டேஷன் தரவைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புற பெட்டியள்) அது விளங்காது; அதுகளைத் தனி விலானில (சுவிட்சுக்குள்ளயே பிரிச்ச நெட்வேர்க்) போட்டு முன்னால ஃபயர்வால் வையும். ஐஇசி 104 (ஆர்டியுவும் கட்டுப்பாட்டு அறையும் பேசுற நெறிமுறை) ஓடுதெண்டால் கட்டுப்பாட்டு அறை சேர்வரிலயிருந்து ஃபயர்வாலில 2404 எண்ட டிசிபி போர்ட் (வயர் குத்துறது இல்லை, மென்பொருள் வாசல்) மட்டும் திறந்தால் காணும். மாக் முகவரியை (நெட்வேர்க் கார்ட்டின்ர அடையாள எண்) நம்பாதேயும், அதை மாத்துறது சின்னப் பிள்ளை வேலை.

பொரளை ரவுட்டர்:
வெளியில இருந்து வாறதுக்கு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ளால வாற மறைகுறியாக்கின பாதை) இருக்குத்தானே, அது போதாதோ?

கொட்டாஞ்சேனை அண்ணை:
உக்ரைன் மின் கம்பனியளிலயும் விபிஎன் இருந்தது! 2015 டிசம்பர் 23 அங்க ஹேக்கர்மார் தாக்கினவை. திருடின பாஸ்வேர்ட்டோட அதுக்குள்ளாலதான் வந்தவங்கள், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. ஒப்பரேட்டர் பார்த்துக்கொண்டிருக்க மவுஸ் தானா ஓடி பிரேக்கரைத் திறந்து கரண்டை வெட்டினது. கிட்டத்தட்ட 225,000 வாடிக்கையாளருக்குக் கரண்ட் போச்சு. ஓடிபி (ஒருமுறை பாஸ்வேர்ட்), நடுவில ஒரு ஜம்ப் சேர்வர் (வெளியில இருந்து வாறவை முதல்ல நுழையவேண்டிய இடைக் கணினி), வேலை முடிய வந்தவரின்ர கணக்கை மூடுறது, மூண்டும் வேணும்.

வெள்ளவத்தைப் பொடியன்:
ரிலேக்காரர் 4ஜி டொங்கிளும் கொண்டுவாறவர்...

கொட்டாஞ்சேனை அண்ணை:
அதைக் குத்தினால் ஃபயர்வாலைச் சுத்தி வெளியால வழி திறந்திடும். கேற்றிலேயே வாங்கி வையும். கோவிச்சால் கோவிக்கட்டும்.