மறு: எலக்ட்ரோலாரிங்ஸ் – மின்குரல்வளையா, குரலதிர்வியா?

வணக்கம். எலக்ட்ரோலாரிங்ஸ், அதாவது குரல்வளையை இழந்தவர்கள் பேசுவதற்குக் கழுத்தில் வைத்துக்கொள்ளும் கைக்கருவி, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்பதுதான் கேள்வி.

> 'பேச்சுக்கருவி' என்றே வைத்துவிடலாமே, யாருக்கும் எளிதில் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். அந்தக் கருவி பேசுவதே இல்லை. புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்தவர்களுக்கு மூச்சு கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய்வரும், வாய்ப்பக்கம் வராது. நாக்கு, பல், உதடு எல்லாம் பழையபடியே இருக்கும். போனது அதிர்வு ஒன்றுதான். கருவியைத் தாடைக்குக் கீழே தோலோடு அழுத்திப் பொத்தானை அமுக்கினால் வண்டு போல ஒரு ரீங்காரம் உள்ளே இறங்கும். அதை 'அம்மா' ஆக்குவதும் 'ஆப்பம்' ஆக்குவதும் அவருடைய வாய்.

(ரீங்காரம் நிற்காமல் ஓடுவதால் ஆங்கிலத்தில் அதிர்வில்லாத p-யும் அதிர்வுள்ள b-யும் ஒன்றாகிவிடும்; 'பிக்' (pig), 'பிக்' (big) இரண்டும் குழம்பும்: பன்றியா, பெரிதா? நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ப' என்பதால் சேதம் குறைவு. 'பாவம்' (பாவ புண்ணியமா, முகபாவமா?) மாதிரி சிலவற்றில்தான் மாட்டிக்கொள்வோம்.)

'மின்குரல்வளை' தப்பில்லை. ஆனால் செயற்கைப் பல் மாதிரி உடம்பில் பொருத்திய உறுப்பு என்று நினைக்க வைக்கிறது. இது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற சாமான்.

என் பரிந்துரை: குரலதிர்வி. 'தொண்டையதிர்வி' என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அது எப்போதும் பொருந்தாது. கதிர்வீச்சுச் சிகிச்சையில் கழுத்து இறுகிப்போனவர்களுக்குத் தோல் வழியே ஒலி சரியாக இறங்காது. கருவியில் சின்னக் குழாய் மாட்டி ஒலியை நேரே வாய்க்குள் விடுவார்கள். அங்கே தொண்டைக்கு வேலையே இல்லை.

> தொலைபேசி இழையில் இது எதற்கு?

இது தொலைபேசிக்காரர்கள் செய்த பொருள், அதனால்தான். 1960-ல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான பெல் கொண்டுவந்த டிரான்சிஸ்டர் கருவியில் அதிர்ந்தது, மாற்றியமைத்த தொலைபேசி ரிசீவர். காதில் வைப்பதைக் கழுத்தில் வைத்தார்கள், அவ்வளவுதான். ஆண் குரலுக்கு ஒன்று, சுருதி கூட்டிப் பெண் குரலுக்கு ஒன்று என்று இரண்டு வகை.

தொலைபேசியைக் கண்டுபிடித்த கிரகாம் பெல் இளவயதில் செய்த வேடிக்கை ஒன்றும் எனக்குச் சாதகமான சாட்சி. வீட்டு நாயை நிறுத்தாமல் உறுமப் பழக்கி, அதன் வாயையும் தொண்டையையும் கையால் அமுக்கியும் திறந்தும் 'எப்படி இருக்கீங்க பாட்டி' என்று ஆங்கிலத்தில் சொல்வது போலக் கிட்டத்தட்டக் கேட்க வைத்திருக்கிறார். நாய் கொடுத்தது உறுமல், சொல்லாக்கியது பெல்லின் கை. அந்த நாய்தான் குரலதிர்வி!

'பேச்சு' என்ற சொல்லை வோடருக்கு வைத்துக்கொள்ளலாம். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல் ஆய்வகப் பொறியாளர் ஹோமர் டட்லி காட்டிய இயந்திரம் அது. மணிக்கட்டால் ஒரு பட்டையை அழுத்தி ரீங்காரமா சீறலா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விரல்களுக்குப் பத்துக் கட்டைகள், சுருதிக்குக் கால்மிதி. இயக்கிய பெண்களுக்கு மாதக்கணக்கில் பயிற்சி. அங்கே வாய் வேலையையும் இயந்திரமே செய்தது. எனவே அது 'பேச்சுப்பொறி'.

அப்புறம் வோகோடர், அதாவது குரலைப் பகுத்துச் சுருக்கி மறுபடி உருவாக்கும் கருவி. 'குரல் குறியாக்கி', 'குரற்சுருக்கி' என்று பட்டியலில் இரண்டு கிடக்கின்றன. இசைக்காரர்கள் எல்லோரும் வோகோடர் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மறுப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள், இதில் குரலதிர்வியை முதலில் முடித்துவிடுவோம்.