‘கிரெடிட் டிரான்ஸ்ஃபர்’: ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். பல்கலைக்கழகப் படிப்பில் ஒரு தாளின் கனத்தைக் குறிக்கும் ‘கிரெடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லாக முந்தைய மடலில் முன்வைக்கப்பட்ட ‘தரப்புள்ளி’யை ஏற்கத் தயங்குகிறேன். தேர்ச்சியின் தரத்தைக் காட்டும் ‘கிரேடு பாயிண்ட்’டுக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது. நான்கு கிரெடிட் உள்ள தாளில் எட்டுத் தரப்புள்ளி பெற்ற மாணவிக்கு இரண்டையும் பெருக்கி 32 என்று எழுதித்தான் சராசரி காண்கிறோம். பெருக்கப்படும் இரண்டுக்கும் ஒரே பெயர் பொருந்தாது. ‘அலகு’ எனலாமென்றால், பாடத்திட்டத்தில் ‘அலகு 1’, ‘அலகு 2’ என்று அச்சொல் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது.

எனவே ‘பாடவரவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதிமுறை வகுத்த ஏற்பாட்டின் பெயரே வங்கிதான் (Academic Bank of Credits). பல நிறுவனங்களில் ஈட்டிய கிரெடிட்டுகள் மாணவரின் கணக்கில் சேர்கின்றன. அதிகபட்சம் ஏழாண்டுகள் செல்லுபடியாகும். ஒரு பட்டத்துக்குச் செலவழித்ததை இன்னொரு பட்டத்துக்குக் காட்ட இயலாது. ‘வரவு வைத்தல்’ என்ற கணக்குப்பிள்ளை வழக்கு இதற்கு அப்படியே ஒத்துவருகிறது.

சிக்கல், ஒரு நிறுவனத்தில் ஈட்டிய வரவை இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வதைக் குறிக்கும் ‘டிரான்ஸ்ஃபர்’ என்பதில்தான். ‘பரிமாற்றம்’ என்றால் கொடுத்து வாங்குதல். இங்கே பதிலுக்கு எதுவும் திரும்பிப் போவதில்லை. அதோடு, அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இரண்டு முடிவுகள் மறைந்திருக்கின்றன. வெளியில் ஈட்டிய வரவைப் புதிய பல்கலைக்கழகம் ஒப்புக்கொள்வது ஒன்று. அது பட்டத்தின் எந்தத் தேவையை நிறைவு செய்கிறது என்று தீர்மானிப்பது வேறொன்று. மேற்படி விதிமுறைப்படி, பட்டம் வழங்கும் நிறுவனத்திலேயே குறைந்தது பாதி வரவுகளை ஈட்டியாக வேண்டும் என்பதால், 120 வரவுகள் கொண்ட இளநிலைப் பட்டத்துக்கு 75 வரவுகளோடு வருபவருக்கு அனைத்தும் ஒப்புக்கொள்ளப்பட்டாலும் 60-க்கு மேல் பயன்படாது, எஞ்சிய 15 கணக்கில் சும்மா கிடக்கும். வரம்புக்கு உட்பட்டவற்றிலும், கட்டாயப் பாடத்துக்கென நினைத்துக் கொண்டுவந்தது விருப்பப் பாடமாகவே ஏற்கப்பட்டால், அந்தக் கட்டாயப் பாடத்தை அவர் மீண்டும் படித்தாக வேண்டும்.

ஆகவே வெளியிலிருந்து வருவதை ‘அயல்வரவு’ என்றும், முதல் முடிவை ‘அயல்வரவு ஒப்புதல்’ என்றும், இரண்டாவதை ‘பட்ட ஈடாக்கம்’ என்றும் வழங்கலாம். (‘ஏற்பு’ என்ற சொல்லைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: வரவோடு சேர்ந்தால் ‘வரவேற்பு’ ஆகிவிடும்!)

ஐரோப்பிய முறையில் ஓர் ஆண்டுப் படிப்புக்கு 60, இந்திய தேசிய கிரெடிட் சட்டகத்தில் (National Credit Framework) 40 என்று எண்ணிக்கை மாறுவதால் ‘வரவு மாற்றுவீதம்’ என்ற நான்காவது சொல்லும் தேவைப்படும். இதற்கு ‘வீதம்’ போதுமா, ‘விகிதம்’ வேண்டுமா என்பதைக் கணிதம் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.