ஒலிக் கோளாறின் காரணம் தெரிவதற்கு முன் நீங்கள் வாங்கிய பொருள் எது? வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவர்கள் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பம் தமிழாசிரியர்:

பணி ஓய்வுக்குப் பிறகு, பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். மாடி அறை, பழைய மடிக்கணினி, மருமகன் வாங்கித் தந்த யூஎஸ்பி மிக்ஸர் (மைக்கின் ஒலியை வாங்கிக் கணினிக்கு அனுப்பும் பெட்டி), ஒரு மைக். ஆறு மாதம் வம்பில்லாமல் ஓடியது. சித்திரை பிறந்த வாரத்தில் ஒரு நாள் பதிவைப் போட்டுக் கேட்டால், குகைக்குள் நின்று பேசுகிற குரல். 'செய்யுள்' என்று நான் ஒருமுறை சொன்னால் அது நான்கு முறை சொல்கிறது, ஒவ்வொரு முறையும் சற்றே தேய்ந்து.

அறைதான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். பரணில் கிடந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகளை இறக்கிச் சுவரில் சாய்த்தேன். பயனில்லை. பிறகு 3,200 ரூபாய் கொடுத்து, முட்டை அடுக்கும் அட்டை போல மேடும் பள்ளமுமாக இருக்கும் ஸ்பாஞ்சு பலகைகளை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். மின்விசிறியை நிறுத்திவிட்டு அந்த அறைக்குள் உட்கார்ந்து இலக்கணம் வாசித்தபோது நான் வடகமாகக் காய்ந்ததுதான் மிச்சம். எதிரொலி இம்மியும் குறையவில்லை.

நான்காம் வகுப்பு படிக்கும் பேத்தி ஒரு நாள் மேசை ஓரத்தில் நின்றுகொண்டு, "தாத்தா, இந்தப் பட்டன் மட்டும் ஏன் உள்ளே போயிருக்கிறது?" என்று கேட்டாள். குறுமிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் பட்டன். பக்கத்தில் 'யூஎஸ்பி டு மெயின்' என்று எறும்பு எழுத்தில் எழுதியிருந்தது. தூசி துடைத்த கை அழுத்தியிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மிக்ஸரிலிருந்து கணினிக்கு ஒலி போக ஒரு வழி, கணினியிலிருந்து மிக்ஸருக்குத் திரும்பி வர ஒரு வழி. அந்தப் பட்டன் உள்ளே இருந்தால், திரும்பி வரும் ஒலியும் முதன்மைக் கலவையில் சேர்ந்துவிடும். கணினிக்குப் போவதும் அதே கலவைதான். போதாக்குறைக்கு, பதிவாகிக்கொண்டிருக்கும்போதே கேட்கும் வசதியை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் நானே திறந்து வைத்திருந்தேன். என் குரல் செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. பட்டனை வெளியே எடுத்தேன், குகை மறைந்தது.

மூவாயிரத்து இருநூறு ரூபாயை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை. எனக்குத் துணையாக இன்னும் நாலு பேர் இருந்தால் ஆறுதலாக இருக்கும். காரணம் தெரிவதற்கு முன்பு நீங்கள் எதை வாங்கினீர்கள்?

வில்லியனூர் மிருதங்கக்காரர்:

ஐயா, அந்தப் பட்டனுக்குப் பக்கத்தில் அதன் தங்கை ஒன்று இருக்கும், பாருங்கள். பல மிக்ஸர்களில் உண்டு. கணினியில் ஓடுவதை உங்கள் ஹெட்போனுக்கு மட்டும் அனுப்பும், பதிவில் சேர்க்காது. முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே அடுத்ததைப் பதிய வேண்டுமானால் அழுத்த வேண்டியது அதைத்தான்.

நான் வாங்கியது புது லேப்டாப்பே. என் அடி என் காதுக்குத் தாமதமாக வந்தது. தாளத்தை முடித்து வைக்கும் தீர்மானத்தை வாசிக்கும்போதெல்லாம் யாரோ பின்னால் உட்கார்ந்து என்னைக் கேலி செய்து வாசிப்பது போல இருக்கும். ஹெட்போனை லேப்டாப்பில் செருகியதுதான் தவறு. மைக்கில் விழும் ஒலி கணினிக்குள் போய், அங்கே கட்டுக் கட்டாகச் சேர்ந்து, பிறகுதான் வெளியே வருகிறது. கணினி ஒலியை நொடிக்கு 44,100 மாதிரிகளாக அளந்தெடுக்கிறது; அந்த வேகத்தில் ஒரு கட்டு 512 மாதிரிகள் என்றால் அதுவே சுமார் 11.6 மில்லி நொடி. போக ஒன்று, வர ஒன்று, இடையில் மென்பொருளின் சொந்தத் தாமதம். பேசுகிறவர் பொறுத்துக்கொள்வார், தாளக்காரனுக்கு அது நரகம். ஹெட்போனை மிக்ஸரிலேயே செருகிவிட்டு, ஆடாசிட்டியில் ஐயா திறந்து வைத்த அதே வசதியை மூடிவிட்டேன். புது லேப்டாப்பில் மகள் படம் பார்க்கிறாள்.

லாசுப்பேட்டை அம்மா:

நான் பாட்டு சொல்லிக்கொடுப்பவள் இல்லை. பாட்டுக் கற்றுக்கொள்ளும் பெண்ணின் தாய். மகளுடைய சுருதி ஐந்தரைக் கட்டை. ஒரு வர்ணமும் இரண்டு கீர்த்தனைகளும் பதிவு செய்து அவளுடைய பாட்டு டீச்சருக்கு அனுப்பினோம். மறுநாள் டீச்சர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைக்கு ஜலதோஷமா? யாரைக் கேட்டுச் சுருதியை இறக்கினீர்கள்?"

நாங்கள் இறக்கவில்லை. டீச்சர் தன் சுருதிப் பெட்டியை ஐந்தரையில் வைத்துப் பக்கத்தில் ஒலிக்கவிட்டுக் காட்டினார். ஒட்டவே இல்லை. ஐந்துக்கும் கீழே, நாலரைக்கு மேலே, எந்தக் கட்டையிலும் உட்காராமல் அந்தரத்தில் நின்றது. ஆனால் பதிவுக்குள் மகளின் குரலும் எங்கள் சுருதிப் பெட்டியும் ஒன்றுக்கொன்று சரியாகத்தான் சேர்ந்திருந்தன. ஆகவே எங்கள் பெட்டிக்குத்தான் வயதாகிவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கினேன். பழையது மாமியார் வாங்கிக் கொடுத்தது. அதைக் குறை சொன்னதற்கு வீட்டில் நடந்ததை இங்கே எழுத விருப்பமில்லை.

புதுப் பெட்டியோடு பதிந்ததும் அதே கதை. என் கணவர் பாட்டுக் கேட்கமாட்டார், கணக்குப் பார்ப்பார். அவர்தான், "பத்து நிமிடம் பாடினாள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்தக் கோப்பு மட்டும் ஏன் பத்து நிமிடம் 53 நொடி காட்டுகிறது?" என்றார்.

மிக்ஸர் நொடிக்கு 48,000 மாதிரிகள் அனுப்பிக்கொண்டிருந்தது. மென்பொருள் அதை 44,100 என்று எண்ணி எழுதிக்கொண்டிருந்தது. அதே சரக்கை மெதுவாக அளந்து கொடுத்தால் நேரம் நீளும், சுருதி இறங்கும். ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் (பியானோவில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்). குரலும் சுருதியும் கைகோத்துக்கொண்டு இறங்கியதால் வீட்டிலிருந்த யாருக்கும் தெரியவில்லை. விண்டோஸின் ஒலி அமைப்பிலும் மென்பொருளிலும் ஒரே எண்ணை வைத்தோம். ஐந்தரை ஐந்தரையாக வந்தது. இரண்டு சுருதிப் பெட்டிகள் இருக்கின்றன. பழையதைத்தான் இப்போதும் பயன்படுத்துகிறோம். சமாதான உடன்படிக்கையின் ஒரு பகுதி அது.

முத்தியால்பேட்டை கீபோர்டுக்காரர்:

எனக்கு ரீங்காரம். 'ம்ம்ம்' என்று, கீபோர்டைத் தொடாமலேயே, பதிவின் அடியில் ஒரு வண்டு உட்கார்ந்திருக்கும். நான்கு கேபிள்கள் மாற்றினேன். ஒவ்வொன்றும் முன்னதைவிட விலை அதிகம், கடைசியில் வாங்கியதன் முனை தங்க முலாம் பூசியது. வண்டுக்கும் தங்கத்துக்கும் பகையில்லை போலும்.

ஒரு மாலை மின்வெட்டு. மிக்ஸரும் கீபோர்டும் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. லேப்டாப் சார்ஜர் செருகியிருந்த பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. திடீரென்று அறையில் அமைதி. எனக்கு முதலில் காது அடைத்துவிட்டதோ என்று தோன்றியது. மின்சாரம் வந்ததும் வண்டும் வந்தது. சார்ஜரைப் பிடுங்கினேன், போனது. செருகினேன், வந்தது. பத்து தடவையாவது செய்திருப்பேன், குழந்தை விளக்குச் சுவிட்சோடு விளையாடுவது போல.

சார்ஜருக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு வேறு பிளக்கில் ஒரு எர்த், இரண்டையும் யூஎஸ்பி கேபிள் இணைத்து ஒரு வளையம் போட்டிருக்கிறது. அந்த வளையத்தில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) முனகலைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர், சார்ஜரின் எர்த் முள்ளை வெட்டிவிடச் சொல்கிறார். செய்யலாமா?

திருப்பாதிரிப்புலியூர் வயரிங்காரர்:

தம்பி, அந்த நண்பரைக் கொஞ்ச நாள் வீட்டுப் பக்கம் விடாதீர்கள். எர்த் முள் ஒலிக்காக வைத்ததல்ல, உயிருக்காக வைத்தது. 230 வோல்ட் ஏதாவது ஒரு பெட்டியின் உடம்பில் கசிந்தால், போக வேறு வழியில்லாமல் மைக்கைப் பிடித்திருக்கும் கை வழியாகத்தான் போகும். உதட்டில் 'சுரீர்' என்று மைக் கடித்த மேடைப் பாடகர்களைக் கேட்டுப் பாருங்கள்.

செய்ய வேண்டியது: மிக்ஸர், கீபோர்டு, சார்ஜர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையிலிருந்து எடுங்கள். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். அடங்காவிட்டால் பதியும் நேரம் மட்டும் பேட்டரியில் ஓட்டுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவே, மின் தொடர்பைத் துண்டித்துத் தரவை மட்டும் கடத்தும் யூஎஸ்பி ஐசொலேட்டர் வைக்கலாம்.

இன்னொன்று. கடலோரத்து வீடுகளில் எர்த் குழியைத் திறந்து பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. போன மாதம் ஒரு வீட்டில் மூடியைத் தூக்கினேன். செம்புக் கம்பி பச்சைக் களிம்பேறி, கையால் தொட்டதும் பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. குழிக்குள் போட்ட கரியும் உப்பும் மணலும் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் என்ன குறைந்துபோகும்?

லாசுப்பேட்டை அம்மா:

50 ஹெர்ட்ஸ் என்றதும் மகள் பியானோ செயலியில் தட்டிப் பார்த்தாள். கிட்டத்தட்ட ஐந்து கட்டை, கொஞ்சம் ஏற்றி. ஐந்து கட்டையில் பாடுகிறவர்களுக்கு மின்வாரியம் இலவசமாகத் தம்பூரா போடுகிறது. எங்களுக்குத்தான் அரைக் கட்டை இடிக்கிறது.

தேவனாம்பட்டினம் இளைஞர்:

நான் எதையும் வாங்கவில்லை. என் அத்தை செலவழித்தார்.

என் தாத்தா வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகள் அறிந்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து பாடுவார், அதுவும் மனம் வந்தால். ஒரு ஞாயிறு மனம் வந்தது. மிக்ஸரின் மைக் துளை உப்புக் காற்றில் துருப்பிடித்துக் கரகரத்தது. கையில் இருந்த வேறொரு கேபிளால் மைக்கை ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகிப் பதிந்தேன். ஒலி மெலிதாக இருந்தது, கணினியில் ஏற்றிக்கொண்டேன். தனியாக போனில் எடுத்த அலையோசையை அடியில் சேர்த்தேன். இயர்போனில் கேட்டபோது எனக்கே கண் கலங்கியது. சொந்தங்கள் எல்லாருக்கும் அனுப்பினேன்.

அத்தையிடமிருந்து பதில் வந்தது: "கடல் நன்றாகக் கேட்கிறது. அப்பா எங்கே?"

அவருடைய போனில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றேன். அவரும் நம்பி, கடையில் கொடுத்து 600 ரூபாய்க்கு ஸ்பீக்கரை மாற்றினார். புது ஸ்பீக்கரிலும் கடல்தான். பிறகு என் போனிலேயே இயர்போனைக் கழற்றிக் கேட்டேன். அலை வருகிறது, போகிறது. தாத்தா இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வயிற்றைக் கலக்கிவிட்டது.

மைக் கேபிளில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகிறது. ஒன்று நேராக, மற்றொன்று தலைகீழாக. மைக் துளையில் செருகினால் மிக்ஸர் அதைப் புரிந்துகொண்டு சரியாகச் சேர்க்கும். நான் ஸ்டீரியோவில் செருகியதால் நேரானது இடப்பக்கமும் தலைகீழானது வலப்பக்கமும் போய் உட்கார்ந்துவிட்டன. இரண்டு காதுகளுக்கும் தனித்தனியாகப் போனால் கேட்கும். இப்போது நினைத்துப் பார்த்தால் இயர்போனில்கூடத் தாத்தாவின் குரல் நடுவில் நிற்காமல் காதுக்கு வெளியே எங்கோ அலைந்தது. கலை நயம் என்று நினைத்துக்கொண்டேன். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டுகிறது. ஒன்றும் கழித்தல் ஒன்றும் பூஜ்யம். அலையோசை போனில் எடுத்தது என்பதால் தப்பித்தது.

மீண்டும் பாடச் சொன்னால் தாத்தா சுக்கானை எடுத்து அடிப்பார். நல்லவேளை, தேவைப்படவில்லை. ஆடாசிட்டியில் தாத்தாவின் தடத்தை இடம் வலமாகப் பிரித்து, ஒரு பக்கத்தை மட்டும் 'இன்வர்ட்' செய்து தலைகீழாக்கினேன். இரண்டு நொடி வேலை. அத்தைக்கு மறுபடி அனுப்பினேன். குரல் வந்தது. 600 ரூபாயைப் பற்றி இன்னும் பேசவில்லை, தீபாவளிக்குள் கேட்பார்.

மஞ்சக்குப்பம் தமிழாசிரியர்:

தம்பி, அத்தைக்கு முதலில் பணத்தைக் கொடுங்கள். பாட்டை எனக்கும் அனுப்புங்கள்.

எல்லாருடைய கதையையும் படித்துவிட்டு என் பக்கமும் சோதித்தேன். விண்டோஸிலும் மென்பொருளிலும் மாதிரி எண் 48,000தான். சார்ஜரைப் பிடுங்கினால், இதுவரை இருப்பதே தெரியாத ஒரு மெல்லிய முனகல் போகிறது. எர்த் குழி எங்கே என்று வீட்டம்மாவைக் கேட்டேன். அதன்மேல்தான் செம்பருத்தித் தொட்டி பத்து வருடமாக இருக்கிறதாம். தொட்டிக்கு ஊற்றும் தண்ணீர் வழிந்து குழிக்கும் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

ஸ்பாஞ்சு பலகைகளைக் கழற்றினேன். பசை சுவர்ப்பூச்சையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வந்தது. பதினாறு பலகைகள் இருக்கின்றன. வேண்டுமென்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

வில்லியனூர் மிருதங்கக்காரர்:

எட்டு எனக்கு. மெத்தைகளை மட்டும் பரணில் ஏற்றிவிடாதீர்கள், ஐயா. மெல்லிய ஸ்பாஞ்சு உயர்ந்த சுருதி ஒலிகளை மட்டும்தான் குடிக்கும். கனத்த இலவம்பஞ்சு அதற்கும் கீழே இறங்கிக் குடிக்கும். வாசிப்பவருக்கு அது உண்மையிலேயே நல்லது.

மஞ்சக்குப்பம் தமிழாசிரியர்:

பேத்தி அவற்றின்மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருக்கிறாள். பள்ளி திறந்த பிறகு சாய்த்து வைக்கிறேன்.