புதுப்பிப்பு: கனசாவா துப்பறியும் கதை, பொய் சாட்சியை உடைக்கும் தடயம் கிடைத்துவிட்டது

போன மாதம் கேட்டது இதுதான்: ஜப்பானின் கனசாவா நகரில் ஒரு தேநீர்ச் சடங்கு வீட்டில் பழைய கிண்ணம் திருடுபோகிறது. "போன வாரம்கூட இருந்ததே" என்று ஜூன் மாதம் திருடன் ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறான். ரத்தமோ ஆய்வகமோ இல்லாமல் அந்தப் பொய்யை எப்படி உடைப்பது? யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் ஜன்னலில் செர்ரிப் பூவை வைத்துப் பார்த்தேன். படிக்கக் கொடுத்த மூவரில் இரண்டு பேர் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அடுப்பைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை தரையில் பதித்த குழியடுப்பு, 'ரோ'. மே முதல் அக்டோபர் வரை பாய்மேல் வைக்கும் கனலடுப்பு, 'ஃபுரோ'. படத்தின் ஓரத்தில் குழி திறந்திருக்கிறது, கெட்டிலிலிருந்து ஆவி எழுகிறது. அப்படியானால் அது ஜூனில் எடுத்த படமே இல்லை! மூவரில் ஒருவருக்கும் பிடிபடவில்லை, கடைசியில் "அடடா" என்றார்கள். எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எதிர்பாராதது ஒன்று. கோடையில் அந்தக் குழியை மூடி, மேலே சாதாரண தத்தாமி பாயைப் போட்டுவிடுவார்கள். சுமார் 42 செ.மீ. சதுரம், ஒரு கிண்ணத்துக்குத் தாராளம். திருடிய கிண்ணம் இப்போது அங்கேதான் இருக்கிறது. அதற்காக 2 அத்தியாயங்களைத் திருப்பி எழுதினேன்.

இதே போல எழுதுபவர்களுக்கு: அடுப்பில் இடும் நறுமணப் பொருளும் மாறும். குழியடுப்புக் காலத்தில் பிசைந்த உருண்டை, கோடையில் சந்தனச் சில்லு. வாசனையையே தடயமாக்கலாம்.