படிவத்தில் தேர்ந்தெடுத்த பிரிவுக்கு மட்டும் அறிக்கை வரவேண்டும்: காம்போ பாக்ஸ் வடிகட்டலில் சிக்கல்

கேள்வி

வணக்கம். மைக்ரோசாப்ட் அக்சஸில் கருவிப் பராமரிப்புக்கான ஒரு தரவுத்தளத்தை அமைத்திருக்கிறேன். பிரிவுகள், கருவிகள், பராமரிப்பு என மூன்று டேபிள்கள் உள்ளன. பிரிவுகள் டேபிளில் தானாக எண் இடும் பிரிவுஎண் என்ற ஃபீல்டும், பிரிவுப்பெயர் என்ற ஃபீல்டும் இருக்கின்றன. மூன்று டேபிள்களையும் இணைத்துத் தேவையான தரவை எடுத்துத் தரும் ஒரு குவெரியை (வினவலை) அடிப்படையாகக் கொண்டு பராமரிப்பு அறிக்கையை வடிவமைத்துள்ளேன். அறிக்கைத் தேர்வு என்ற படிவத்தில் பிரிவுகளைப் பட்டியலிடும் ஒரு காம்போ பாக்ஸும் (தேர்வுப் பட்டியல் பெட்டியும்), அதன் அருகே அறிக்கையைத் திறக்கும் பொத்தானும் இருக்கின்றன.

குவெரியில் பிரிவுப்பெயர் ஃபீல்டின் கீழே உள்ள நிபந்தனை வரியில் படிவத்தின் காம்போ பாக்ஸைச் சுட்டும் கோவையை எழுதியிருக்கிறேன். படிவம் திறந்திருக்கும்போது ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், தலைப்புகளுடன் அறிக்கை திறக்கிறதே தவிர, ஒரு பதிவும் வருவதில்லை. படிவத்தை மூடிவிட்டு அறிக்கையை நேரடியாகத் திறந்தால், மதிப்பை உள்ளிடுமாறு கேட்கும் சிறு பெட்டி தோன்றுகிறது. அந்தப் பெட்டியில் பிரிவின் பெயரைக் கையால் தட்டச்சு செய்தால் சரியான பதிவுகள் வந்துவிடுகின்றன. பட்டியலில் தேர்ந்தெடுத்தால் ஏன் வருவதில்லை என்பது விளங்கவில்லை. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் எல்லாப் பிரிவுகளும் வரவேண்டும் என்பது என் இரண்டாவது தேவை.

பதில் 1

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பெயரைத் தட்டச்சு செய்தால் பதிவுகள் வருகின்றன, பட்டியலில் தேர்ந்தெடுத்தால் வருவதில்லை என்றால், காம்போ பாக்ஸ் பெயரை அனுப்பவில்லை என்றுதான் பொருள். வழிகாட்டியைக் கொண்டு உருவாக்கப்படும் காம்போ பாக்ஸில் வழக்கமாக இரண்டு நெடுவரிசைகள் இருக்கும். முதலாவதில் பிரிவுஎண், இரண்டாவதில் பிரிவுப்பெயர். முதல் நெடுவரிசையின் அகலம் 0 என்று வைக்கப்படுவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் எந்த நெடுவரிசை மதிப்பாகக் கொள்ளப்படும் என்பதைக் குறிக்கும் பவுண்ட் காலம் (Bound Column) என்ற பண்பு 1 என்று இருக்கும் வரை, காம்போ பாக்ஸின் மதிப்பு அந்த மறைந்த எண்தான். திரையில் நீங்கள் காண்பது ஒரு பிரிவின் பெயர். குவெரிக்குப் போய்ச் சேருவது 4 போன்ற ஓர் எண். பிரிவுப்பெயர் 4 என்று எந்தப் பதிவும் இல்லாததால் அறிக்கை வெறுமையாக வருகிறது.

இதை உறுதி செய்துகொள்வது எளிது. படிவத்தைத் திறந்து ஒரு பிரிவைத் தேர்ந்தெடுத்த நிலையில், கண்ட்ரோல் விசையுடன் ஜி விசையை அழுத்தி, கோவையின் மதிப்பை உடனே காட்டும் இமீடியட் சாளரத்தை வரவழைத்து, கேள்விக்குறி இட்டு அதன் பின்னால் காம்போ பாக்ஸைச் சுட்டும் அதே கோவையை எழுதி என்டர் விசையை அழுத்துங்கள். பெயர் வந்தால் நான் சொன்னது தவறு. எண் வந்தால், குவெரியின் நிபந்தனையைப் பிரிவுப்பெயரின் கீழிருந்து எடுத்துப் பிரிவுஎண்ணின் கீழே வைத்துவிடுங்கள். பவுண்ட் காலத்தை 2 என்று மாற்றியும் இதைச் சரிசெய்யலாம். ஆனால் பெயர்கள் திருத்தப்படுவதும் இரு பிரிவுகளுக்கு ஒரே பெயர் அமைவதும் நடக்கக்கூடியவை என்பதால், எண்ணைக் கொண்டு வடிகட்டுவதே நல்லது.

படிவம் மூடியிருக்கும்போது மதிப்பைக் கேட்கும் பெட்டி வருவது பழுதன்று. தனக்குத் தெரியாத எந்தப் பெயரைக் கண்டாலும் அக்சஸ் அதை ஓர் அளவுருவாகக் கருதிப் பயனரிடமே கேட்கும். திறக்கப்படாத படிவமும், எழுத்துப்பிழையுள்ள ஃபீல்டு பெயரும் அதன் பார்வையில் ஒன்றே. எனவே படிவம் திறந்திருக்கும்போதும் அந்தப் பெட்டி வந்தால் முதலில் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இது அறிக்கையை அல்ல, தரவையே கெடுக்கக்கூடியது. அந்தக் காம்போ பாக்ஸ் எந்த ஃபீல்டோடு பிணைக்கப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும் கண்ட்ரோல் சோர்ஸ் பண்பு வெற்றாக இருக்கிறதா என்று பாருங்கள். படிவம் ஏதேனும் ஒரு டேபிளோடு பிணைக்கப்பட்டு, காம்போ பாக்ஸும் அதன் பிரிவுஎண் ஃபீல்டோடு பிணைக்கப்பட்டிருந்தால், அறிக்கைக்காக நீங்கள் ஒரு பிரிவைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் படிவத்தில் அப்போது நிற்கும் பதிவின் பிரிவு மாறிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. படிவத்தை மூடும்போது மாற்றம் தானாகச் சேமிக்கப்படும். ஒரு கருவி ஏன் வேறொரு பிரிவின் அறிக்கையில் வருகிறது என்று பின்னர் தேடினால் காரணம் எளிதில் அகப்படாது. வடிகட்டுவதற்கான காம்போ பாக்ஸ் எப்போதும் எதனோடும் பிணைக்கப்படாததாக இருக்க வேண்டும்.

பதில் 2

மேலே சொல்லப்பட்ட காரணம் சரியானது. ஆயினும் தீர்வை நான் வேறிடத்தில் வைப்பேன். குவெரிக்குள் படிவத்தின் பெயரை எழுதிவிட்டால், அந்தக் குவெரியும் அதை நம்பியிருக்கும் அறிக்கையும் அந்த ஒரு படிவத்திற்கு அடிமையாகிவிடுகின்றன. நாளை அதே அறிக்கையை வேறொரு படிவத்திலிருந்து திறக்க வேண்டுமானால் இன்னொரு பிரதி எடுக்க நேரிடும். குவெரியை நிபந்தனை ஏதுமின்றிப் பொதுவாக விட்டுவிட்டு, அறிக்கையைத் திறக்கும் கட்டளையிலேயே நிபந்தனையைச் சேர்த்து அனுப்புவது தூய்மையான வழி. பொத்தானின் ஆன் கிளிக் நிகழ்வில் இவ்வாறு எழுதலாம். மீ என்பது இந்தப் படிவத்தையும் பிரிவுத்தேர்வு என்பது காம்போ பாக்ஸையும் குறிக்கும். படிப்பதற்கு வசதியாகக் கட்டளைகளையும் பெயர்களையும் தமிழெழுத்தில் தருகிறேன், உங்கள் கோப்பில் அவை எப்படி இருக்கின்றனவோ அப்படியே இட்டுக்கொள்ளுங்கள்.

நிபந்தனை = "பிரிவுஎண் = " & மீ.பிரிவுத்தேர்வு
டூகமாண்ட்.ஓப்பன்ரிப்போர்ட் "பராமரிப்பு அறிக்கை", ஏசிவியூபிரிவியூ, , நிபந்தனை

இரண்டாம் வரியில் அடுத்தடுத்து இருக்கும் காற்புள்ளிகள் முக்கியமானவை. நிபந்தனை நான்காவது இடத்தில் வரவேண்டும். மூன்றாவது இடம் சேமிக்கப்பட்ட வடிகட்டிக் குவெரியின் பெயருக்கானது. இரண்டாவது இடத்தை வெறுமையாக விட்டால் அறிக்கை திரையில் தோன்றாமல் நேராக அச்சுப்பொறிக்குப் போய்விடும். நிபந்தனைச் சரத்தில் வேர் (WHERE) என்ற சொல்லை எழுதக்கூடாது.

மேற்கோள் குறிகளில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஃபீல்டு எண் வகையாக இருந்தால் மதிப்பை அப்படியே ஒட்டலாம். உரை வகையாக இருந்தால் மதிப்பின் இருபுறமும் ஒற்றை மேற்கோள் வேண்டும்; மதிப்புக்குள்ளேயே ஒற்றை மேற்கோள் வரக்கூடுமானால் ரிப்ளேஸ் செயற்கூற்றால் அதை இரட்டிப்பாக்க வேண்டும். எண் ஃபீல்டுக்கு மேற்கோள் இட்டாலோ உரை ஃபீல்டுக்கு இடாமல் எண்ணை ஒட்டினாலோ, தரவு வகை பொருந்தவில்லை என்ற 3464 பிழை வரும். டேபிளிலேயே லுக்கப் ஃபீல்டு அமைத்தவர்களுக்கு இந்தப் பிழை தலைவலியாகும். டேபிளில் பெயர் தெரிவதால் அது உரை என்று நினைத்து மேற்கோள் இடுவார்கள். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது எண்.

அறிக்கை முன்னோட்டத்தில் ஏற்கெனவே திறந்திருந்தால், புதிய நிபந்தனையுடன் கட்டளை கொடுத்தாலும் பழைய அறிக்கையே முன்னால் வந்து நிற்கும். ஆகவே திறப்பதற்கு முன் அதை மூடும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. இமீடியட் சாளரத்தில் எண்தான் வந்தது; கண்ட்ரோல் சோர்ஸ் வெற்றாகவே இருக்கிறது. இரண்டாவது பதிலில் உள்ளபடி மாற்றியதும் தேர்ந்தெடுத்த பிரிவு மட்டும் சரியாக வருகிறது. ஆனால் எதையும் தேர்ந்தெடுக்காமல் பொத்தானை அழுத்தினால் 3075 என்ற பிழை வருகிறது. பட்டியலின் முதல் வரியாக "அனைத்துப் பிரிவுகளும்" என்று காட்ட விரும்பி அதை அக்சஸின் நிரல் மொழியான விபிஏவில் எழுத முயன்றபோது, எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிட்டன. தொடக்க தேதி, முடிவு தேதி என்று இரண்டு பெட்டிகளையும் படிவத்தில் சேர்க்க எண்ணியிருக்கிறேன். அவற்றை இதே நிபந்தனையுடன் எப்படி இணைப்பது?

பதில் 2 எழுதியவர்

எதையும் தேர்ந்தெடுக்காதபோது காம்போ பாக்ஸின் மதிப்பு நல் (Null), அதாவது மதிப்பே இல்லாத நிலை, ஆகும். அப்போது நிபந்தனை "பிரிவுஎண் = " என்பதோடு பாதியில் நின்றுவிடுவதால்தான் 3075 வருகிறது. மதிப்பு இருந்தால் மட்டும் நிபந்தனையை எழுதி, இல்லையென்றால் வெற்றுச் சரத்தை அனுப்புங்கள். வெற்று நிபந்தனைக்கு எல்லாப் பதிவுகளும் வரும்.

கேள்விக்குறிகளுக்குக் காரணம் விபிஏ எழுதும் சாளரம் யூனிகோடை ஏற்காததே. நிரலுக்குள் தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டச்சு செய்ய இயலாது. டேபிளிலும் குவெரியிலும் படிவத்தின் பண்புகளிலும் அந்தத் தடை இல்லை. எனவே அந்த வரியைக் காம்போ பாக்ஸின் பட்டியலைத் தரும் ரோ சோர்ஸ் குவெரியிலேயே சேர்த்துவிடலாம்.

செலக்ட் பிரிவுஎண், பிரிவுப்பெயர் ஃப்ரம் பிரிவுகள் யூனியன் செலக்ட் 0, "அனைத்துப் பிரிவுகளும்" ஃப்ரம் பிரிவுகள்

யூனியன் மீள்வரும் வரிகளை நீக்கிவிடுவதால், பிரிவுகள் டேபிளில் எத்தனை பதிவுகள் இருந்தாலும் அந்த வரி ஒருமுறைதான் தோன்றும். யூனியன் ஆல் என்று எழுதினால் அத்தனை முறையும் தோன்றும். நிரலில் மதிப்பு 0 ஆக இருந்தாலும் நல் ஆக இருந்தாலும் நிபந்தனை சேர்க்காமல் விட்டுவிடுங்கள். இமீடியட் சாளரத்தில் தமிழ்ப் பெயர்களை அச்சிட்டுப் பார்த்தால் அங்கும் கேள்விக்குறிகளே தெரியும். அது காட்டுவதில் உள்ள குறைதான், மதிப்பு கெட்டுப்போவதில்லை.

தேதியில்தான் மிகுந்த கவனம் தேவை. நிபந்தனைச் சரத்தில் தேதியை இருபுறமும் ஹாஷ் குறி இட்டு எழுத வேண்டும். கணினியின் வட்டார அமைப்பு எதுவாக இருந்தாலும், அக்சஸ் அந்தக் குறிகளுக்குள் இருப்பதை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில்தான் முதலில் படிக்கும். உங்கள் பெட்டியில் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் இருக்கும் 05/03/2024 என்பதை அப்படியே ஒட்டினால், மார்ச் 5 என்பது மே 3 ஆகிவிடும். ஆனால் 25/03/2024 என்பதை ஒட்டினால் 25 ஆவது மாதம் இல்லாததால் அது மார்ச் 25 என்றே சரியாகப் படித்துக்கொள்ளும். மாதத்தின் பிற்பகுதியில் சோதித்துப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகத் தெரிவதும், முதல் 12 நாட்களில் மட்டும் கணக்கு பிசகுவதும் இதனால்தான். ஃபார்மட் செயற்கூற்றைக் கொண்டு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இடைக்கோடுகளுடன் மாற்றி ஒட்டினால் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை.

இன்னொன்று, பராமரிப்புத் தேதி ஃபீல்டில் நேரமும் சேமிக்கப்படுகிறது என்றால், முடிவு தேதிக்குச் சமமாகவோ குறைவாகவோ என்று எழுதும்போது அந்தக் கடைசி நாளின் நள்ளிரவுக்குப் பிந்தைய பதிவுகள் அனைத்தும் விடுபடும். முடிவு தேதிக்கு அடுத்த நாளைக் காட்டிலும் குறைவு என்று எழுதுங்கள். ஒவ்வொரு நிபந்தனையையும் தனித்தனியே சோதித்து, முன்னால் ஏற்கெனவே ஒன்று சேர்ந்திருந்தால் மட்டும் ஆண்ட் என்ற சொல்லை இடையில் இட்டு வளர்த்துக்கொண்டு போனால், மூன்று பெட்டிகளில் எவை நிரப்பப்பட்டிருந்தாலும் ஒரே நிரல் போதும்.

பதில் 3

திறக்கும் கட்டளையில் நிபந்தனை அனுப்புவதே பெரும்பாலும் ஏற்றது என்றாலும், குவெரியில் படிவத்தைச் சுட்டுவதை முற்றிலும் ஒதுக்கிவிட முடியாது. அனுப்பப்படும் நிபந்தனை, அறிக்கையின் அடிப்படைக் குவெரி தரும் ஃபீல்டுகள் மீதே செயல்படும். பராமரிப்புச் செலவைக் கருவிவாரியாகக் கூட்டித் தரும் குவெரியில் தேதி ஃபீல்டு வெளியே வராது என்றால், தேதி நிபந்தனையை வெளியிலிருந்து கொடுக்க வழியில்லை. கொடுத்தால் அதே மதிப்பு கேட்கும் பெட்டிதான் வரும். கூட்டுவதற்கு முன்னரே வடிகட்ட வேண்டிய இடங்களில் குவெரிக்குள் எழுதுவதே சரி. கிராஸ்டேப் குவெரியாக (ஒரு ஃபீல்டின் மதிப்புகளை நெடுவரிசைத் தலைப்புகளாக்கித் தொகுக்கும் குவெரியாக) இருந்தால் படிவத்தின் காம்போ பாக்ஸை அளவுருக்கள் பகுதியில் அதன் தரவு வகையோடு முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். அறிவிக்காவிட்டால் அக்சஸ் அந்தப் பெயரை அடையாளம் காணாது.

தேர்ந்தெடுக்காதபோது எல்லாம் வரவேண்டும் என்பதற்காக லைக் என்பதையும் எதனோடும் பொருந்தும் உடுக்குறியையும் (*) குவெரியில் எழுதும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிரிவு குறிக்கப்படாத பதிவுகள் அதில் சத்தமின்றி விடுபடும். இருபுறமும் உடுக்குறி இட்டால் 1 என்று தேர்ந்தெடுத்தவருக்கு 10, 11, 21 ஆகியவையும் வந்து சேரும்.

கேட்டவரின் மறுமொழி

பிரிவும் தேதிகளும் இப்போது ஒன்றாக வேலை செய்கின்றன. இரண்டு சிறு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. பதிவே இல்லாத பிரிவைத் தேர்ந்தெடுத்தால் வெற்று அறிக்கை வராமல் தடுக்க, அறிக்கையின் ஆன் நோ டேட்டா நிகழ்வில் திறப்பதை ரத்து செய்தேன். அதன்பின் பொத்தானின் நிரலில் 2501 என்ற பிழை வருகிறது. மேலும், அறிக்கைக்குள் இருக்கும் உதிரிபாகங்கள் பற்றிய துணை அறிக்கையில் எல்லாப் பிரிவுகளின் உதிரிபாகங்களும் வருகின்றன.

பதில் 3 எழுதியவர்

2501 என்பது, திறக்கச் சொன்ன செயல் ரத்தாகிவிட்டது என்று அழைத்த நிரலுக்குத் தெரிவிக்கும் செய்திதான். ரத்து செய்தது நீங்களே என்பதால், பொத்தானின் பிழை கையாளும் பகுதியில் அந்த ஓர் எண்ணை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டு, மற்ற பிழைகளைக் காட்டுங்கள். எல்லாப் பிழைகளையும் ஒட்டுமொத்தமாக அடக்கிவிடாதீர்கள்.

கட்டளையில் அனுப்பிய நிபந்தனை முதன்மை அறிக்கைக்கு மட்டுமே உரியது. துணை அறிக்கையை அது தொடுவதில்லை. துணை அறிக்கை இருக்கும் கட்டுப்பாட்டின் லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ், லிங்க் சைல்டு ஃபீல்ட்ஸ் ஆகிய இரு பண்புகளிலும், ஒவ்வொரு பராமரிப்புப் பதிவையும் அடையாளம் காட்டும் பராமரிப்புஎண் ஃபீல்டை எழுதுங்கள். அதன்பின் ஒவ்வொரு பராமரிப்புப் பதிவின் கீழும் அதற்குரிய உதிரிபாகங்கள் மட்டுமே வரும். துணை அறிக்கையின் குவெரியில் பராமரிப்புஎண் இப்போது இல்லையென்றால், அதை முதலில் சேர்த்துவிட்டுப் பிறகு இணையுங்கள்.