ஏட்டுக் கட்டின் கீழே கிடந்த தூள்

யாழ்ப்பாணம், இணுவிலிலிருந்து:

எங்கள் சனசமூக நிலையத்தில் ஓர் அறையைக் காட்சிக்கூடமாக வைத்திருக்கிறோம். வீடுகளில் இருந்து வந்த வைத்திய ஏடுகள், கூத்து உடுப்புகள், மரப்பெட்டகம் இரண்டு. போன தை மாதம் அலுமாரியைத் திறந்தபோது ஒரு கட்டின் கீழே ஒரு சிட்டிகை பழுப்புத் தூள் கிடந்தது. துணியை எடுத்தேன். கூட நின்ற ஐயா, "பொறும் தம்பி, துடைக்காதையும்" என்று தடுத்தார். தூளைத் தட்டிவிட்டுக் கட்டின் கீழே வெள்ளைத் தாள் விரித்தார். மூன்றாம் நாள் தாளில் புதுத் தூள். பழைய ஓட்டை என்றால் அசைக்காமல் தூள் விழாது. விழுகிறது என்றால் உள்ளே புழு இப்பவும் தின்றுகொண்டிருக்கிறது.

கட்டை அவிழ்த்தோம். ஊசியால் குத்தியதுபோல வட்ட ஓட்டை, பதினேழு ஏடுகளை நேராகத் துளைத்துப் போயிருந்தது. அதில் ஒரு கசாயப் பாட்டு. சுக்கு எத்தனை கழஞ்சு (பழைய நிறுத்தல் அளவு) என்று சொல்லும் இடத்தில்தான் ஓட்டை. எனக்கு வயிறு எரிந்தது.

மருந்து அடிக்க ஐயா விடவில்லை. கட்டைப் பருத்தித் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டினோம். தெரிந்த கடையில் டீப் பிரீசரை மைனஸ் 20 பாகை செல்சியஸில் விட்டு, ஒரு கிழமை உள்ளே வைத்தோம். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்கவில்லை. உடனே பிரித்தால் குளிர்ந்த ஏட்டிலேயே ஈரம் படியும். பிரிக்காவிட்டால் பையின் வெளிப்பக்கத்தோடு போய்விடும். பிறகு ஒரு மாதம் தாளை விரித்துப் பார்த்தோம், தூள் விழவில்லை. தந்தம், வர்ணம் பூசிய மரம் போன்றவற்றை மட்டும் இப்படிக் குளிரில் வைக்கக்கூடாது.

பூஞ்சணத்துக்கு இந்த வழி சரிவராது. குளிரில் அது சாகாது, தூங்கும், அவ்வளவுதான். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். கார்த்திகை மழையில் எங்கள் அறை மானி 80க்குக் கீழே இறங்கவே இல்லை. சுவரோடு ஒட்டித் தொங்கிய கூத்து உடுப்பில் சாம்பல் நிறத்தில் பூத்துவிட்டது. அப்போது நான் செய்த பிழையை வேறு யாரும் செய்யவேண்டாம். உச்சி வெயிலில் கொடியில் போட்டுத் தடியால் தட்டினேன். சரிகை அறுந்தது, ஒரு பக்கம் நிறம் வெளிறியது, தூள் பறந்து மற்ற உடுப்புகளிலும் படிந்தது. முதலில் அதைத் தனியாகப் பிரித்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பிறகு முகக்கவசம் போட்டு வெளியில் வைத்து மெல்லிய தூரிகையால் எடுத்திருக்க வேண்டும்.

அளவெட்டியிலிருந்து:

1995 ஐப்பசியில் போரால் இடம்பெயர்ந்து, எங்கள் வலிகாமம் பகுதியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மம்மாவின் பெட்டகத்தைப் பூட்டிவிட்டுப் போனோம். அடுத்த சித்திரைக்குப் பிறகு வந்து பார்த்தால் பெட்டகம் வெளியே பார்வைக்கு அப்படியே இருந்தது. மூடியைத் தூக்கினேன். அடிப்பலகை இல்லை. கறையான் நிலத்தில் இருந்து ஏறி, உள்ளே ஏடு இருந்த இடமெல்லாம் மண். கை வைத்த இடத்தில் ஒரு எழுத்தாணிதான் அகப்பட்டது. ஒரு மாரி முழுக்க அதை ஒருவரும் திறக்கவில்லை. அதுதான் காரணம்.

இப்போது எந்தப் பெட்டியையும் சுவரில் இருந்து ஒரு முழம் தள்ளி, காலுக்குக் கீழே தண்ணீர்ச் சிரட்டை வைத்து நிறுத்துகிறேன். மாதத்துக்கு ஒருக்கால் டோர்ச் அடித்துக் கறையானின் மண் கோடு ஏறுகிறதா என்று பார்ப்பேன். சரஸ்வதி பூசைக்கு மட்டும் ஏட்டைத் திறப்பது போதாது. பூசை வருவது மாரிக்கு முன். தையிலும் கட்டாயம் திறக்க வேண்டும்.

பருத்தித்துறையிலிருந்து:

எங்கள் வீட்டு ஏடுகளில் வசம்பும் வேப்பிலையும் வைப்பது வழக்கம். மணம் இருக்கும்வரை பூச்சி கிட்ட வராது என்று நம்பியிருந்தோம். உள்ளே ஏற்கெனவே இருந்த புழுவை அது ஒன்றும் செய்யவில்லை. ஆகவே புதிதாக வரும் எந்தப் பொருளையும் ஒரு மாதம் தனி அறையில் வைத்துப் பார்த்துவிட்டே மற்றவற்றோடு சேர்க்கிறோம். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசினால் ஏடு வளையும், எழுத்தும் தெளியும். ஆனால் பொடிந்துபோகும் ஏட்டில் கை வைக்காதீர்கள். முதலில் படம் எடுத்துவிடுங்கள்.

இணுவில் அண்ணா, அந்தக் கசாயப் பாட்டின் முதல் அடியை எழுதிவிடுங்கள். எங்கள் ஏட்டுக் கட்டிலும் சுக்கில் தொடங்கும் பாட்டுகள் நிறைய இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவிழ்க்கிறேன், கீழே வெள்ளைத் தாள் விரித்துத்தான்.